கணக்கு எழுத முதல் மைப் பேனா: எதைப் பார்த்து வாங்குவது?



தராசுக்கு முத்திரை வைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கல்லாப் பெட்டிக்கு நல்ல பூட்டாகத் தேடி வாங்குகிறோம். நாள் முழுவதும் கையில் இருக்கும் பேனா மட்டும் ஏதோ ஒரு கம்பெனி விற்பனையாளர் கொடுத்துவிட்டுப் போன இலவசப் பேனாவாக இருக்கிறது.

மயிலாப்பூர் மாட வீதியிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் நம் கடைகள் பலவற்றில் கம்ப்யூட்டர் பில் வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் வாடிக்கையாளர் பாக்கி நோட்டு, சரக்கு வரவுச் சிட்டை, கொள்முதல் பட்டியல், காசோலை ஆகியவற்றை இன்னும் கையால்தான் எழுதுகிறோம். இரவு கடை எடுத்து வைத்த பிறகு சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுபவர்களுக்கு விரல் வலி என்ன என்பது தெரியும். அவர்களில் சிலர், 'மைப் பேனாவுக்கு மாறலாமா, முதலில் எதை வாங்குவது?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் கடையில் கற்ற பாடம்

முதலில் எங்கள் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் பெருகியபோது, கோட்டூர்புரத்தில் இருந்த எங்கள் மளிகைக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரை போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். தண்ணீர் வடிந்த பிறகு கல்லா மேசையின் இழுப்பறையைத் திறந்தபோதுதான் உண்மையான நஷ்டம் தெரிந்தது.

உள்ளே இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று, கார்பன் வைத்து பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பில் புத்தகம். தாள் உப்பியிருந்தாலும் எழுத்து அப்படியே இருந்தது. மற்றொன்று, மைப் பேனாவால் அழகாக எழுதி வைத்திருந்த பாக்கி நோட்டு. அதில் பக்கத்துக்குப் பக்கம் வெளிர் நீலக் கறைதான் மிச்சம். பெயரும் இல்லை, தொகையும் இல்லை. வாடிக்கையாளர்களில் பலர் தாமே வந்து தங்கள் பாக்கியைச் சொல்லிக் கட்டினார்கள். வீடே போய்விட்ட சிலரிடம் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னும் சிலர் சொன்ன தொகைக்கும் எங்கள் நினைவுக்கும் பொருந்தவில்லை. கையில் எழுத்து இல்லாதபோது வாதாட என்ன இருக்கிறது?

மைப் பேனாவையே விட்டுவிடலாம் என்று அன்று முடிவு செய்தோம். இரண்டு ஆண்டுகள் விட்டும் பார்த்தோம். கட்டைவிரல் வலி திரும்பியது. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம், தவறு பேனாவில் இல்லை, நாங்கள் ஊற்றிய மையில் இருந்தது என்று. ஆகவே எங்கள் யோசனை இதுதான்: பேனாவைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். முதலில் தாள், அடுத்து மை, அதன் பின் நிப்பு, கடைசியில்தான் பேனா.

கை ஏன் வலிக்கிறது?

1938-இல் லாஸ்லோ பிரோ காப்புரிமை பெற்ற பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது எண்ணெய் போன்ற கெட்டியான மை. முனையில் உள்ள சிறு குண்டு தாளில் உருண்டால்தான் அது வெளியே வரும். குண்டு உருள வேண்டுமானால் பேனாவை அழுத்த வேண்டும். ஓரளவு நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். நூறு வரி எழுதினால் நூறு வரிக்கும் அழுத்தம்தான்.

மைப் பேனாவில் இருப்பது தண்ணீர் போன்ற மை. நிப்பின் நடுவில் உள்ள மெல்லிய பிளவு, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் மையை இழுத்து வருகிறது. நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துண்டை நாக்கட்டை என்பார்கள். அதில் உள்ள நுண்ணிய வாய்க்கால் வழியாக மை கீழே இறங்குகிறது. இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலே போகிறது. முனை தாளைத் தொட்டாலே எழுத்து விழும். கை எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை. வலி குறைவதற்குக் காரணம் இதுவே.

முதலில் தாள்

நாம் எழுதும் நோட்டு உயர்ந்த ரகக் காகிதம் அல்ல. மலிவான தாளில் மை ஊறிப் பரவும். எழுத்தின் ஓரம் மயிர்க்கால் விட்டது போல் ஆகும், பின்பக்கமும் தெரியும். 8 என்று எழுதியது 0 போலத் தெரிந்தால் அது எழுத்தழகுக் குறை மட்டும் ஆகாது, பண விஷயம். எனவே பேனா வாங்கப் போகும்போது உங்கள் பாக்கி நோட்டிலிருந்து ஒரு வெற்றுத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கடையில் எழுதிப் பார்க்கக் கொடுக்கும் வழவழப்பான தாளில் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும்.

மளிகைக் கடைக்கென்று ஒரு தொல்லை உண்டு. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் தண்ணீர் மை பிடிக்காது, விட்டுவிட்டு எழுதும். அதைப் பேனாவின் குறை என்று எண்ணி நிப்பை அழுத்தி வளைத்துவிட்டவர்கள் உண்டு. கணக்கு நோட்டை எண்ணெய் டின் பக்கத்தில் வைக்காதீர்கள். எழுதும் முன் கையைத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மை

இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, சாயம் கரைத்த சாதாரண மை. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ராயல் ப்ளூ பெரும்பாலும் இந்த வகை. பேனாவுக்கு நல்லது, சட்டையில் பட்டாலும் துவைத்தால் போகும். துவைத்தால் போகும் என்பதே கணக்குக்கு ஆகாத குணம். எங்கள் நோட்டில் போனது இந்த மைதான்.

இரண்டாம் வகை, இரும்பு மை. இதன் மூலப்பொருள்கள் நம்மவர்களுக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பழகிய மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும், அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்ந்தால் இந்த மை உண்டாகிறது. எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும். பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியப் பத்திரங்களும் பதிவேடுகளும் இதில்தான் எழுதப்பட்டன. ஆனால் இதில் அமிலம் உண்டு. மைப் பேனாவுக்கென்று பக்குவப்படுத்தி விற்கும் இரும்பு மையை மட்டுமே வாங்க வேண்டும். வீட்டில் காய்ச்சிய மையைப் பேனாவில் ஊற்றினால் பேனா பாழாகும்.

மூன்றாம் வகை, நுண்ணிய நிறமித் தூள் கலந்த மை. காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது. ஆனால் பேனாவுக்குள்ளேயே காய விட்டால் அடைத்துக்கொள்ளும். தினமும் எழுதுபவருக்கே ஏற்றது. படம் வரைவதற்கென்று விற்கும் அரக்குக் கலந்த இந்தியன் இங்க் வேறு சரக்கு. அதை மைப் பேனாவில் ஊற்றவே கூடாது.

புட்டியின் மேல் 'பர்மனென்ட்' என்றோ 'ப்ளூ பிளாக்' என்றோ போட்டிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். சோதனை எளிது. உங்கள் நோட்டுத் தாளில் பத்து வரி எழுதி ஒரு நாள் காய விடுங்கள். தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். உலர்ந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொகை படிக்கத் தெரிந்தால் அந்த மை கணக்குக்கு ஆகும். தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குச் சட்டமும் காரணம். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஜி.எஸ்.டி. விதிகளில் 56-ஆவது விதியின்படி, பதிவேட்டில் எழுதியதை அழிக்கவோ, மேலெழுதவோ கூடாது. தவறு நேர்ந்தால் கோடிட்டு அடித்து, சான்றொப்பம் இட்டு, சரியானதை எழுத வேண்டும். கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். முறையாக எழுதி வந்த கணக்குப் புத்தகம் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும். அது மட்டுமே ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றாலும், அதுவும் இல்லையென்றால் நாம் எங்கே நிற்போம்? ஆறு ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டிய எழுத்து, ஒரு மழைக்குத் தாங்க வேண்டாமா?

காசோலைக்கும் இதே கவனம் தேவை. இப்போது காசோலையின் படத்தை அனுப்பித்தான் வங்கிகள் தீர்வு செய்கின்றன. அந்தப் படத்தில் தெளிவாக விழக்கூடிய, அழியாத மையால் எழுத வேண்டும். கறுப்பு மையால் காசோலை எழுதக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2025 ஜனவரியில் அதைப் பொய் என்று மறுத்தது. நீலமும் கறுப்பும் இரண்டும் சரியே.

மூன்றாவது நிப்பு

நிப்பின் மேல் அதன் பருமனைக் குறிக்கும் எழுத்து இருக்கும். எஃப் என்றால் மெல்லியது, எம் என்றால் நடுத்தரம், பி என்றால் பட்டை. இ.எஃப். என்றால் மிக மெல்லியது. ஒரே எழுத்துப் போட்டிருந்தாலும் ஜப்பான் நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக மெல்லியவை. நம் நோட்டுத் தாளுக்கும், குறுகிய கட்டங்களுக்குள் எண் எழுதுவதற்கும் எஃப் போதும். எம் நிப்பு கையெழுத்துப் போட அழகாக இருக்கும். ஆனால் மலிவான தாளில் ஊறும், காயவும் நேரமாகும்.

தங்க நிப்பு தேவையா என்று கேட்கிறார்கள். பழைய நாளில் மையின் அமிலம் சாதாரண எஃகை அரித்ததால் தங்கம் தேவைப்பட்டது. இன்றைய துருப்பிடிக்காத எஃகு நிப்பு அந்தக் கவலையைப் பெரிதும் போக்கிவிட்டது. தாளில் உரசித் தேய்வது முனையில் பற்றவைத்த கடினமான உலோகப் பொட்டுதான். அது தங்க நிப்பிலும் உண்டு, நல்ல எஃகு நிப்பிலும் உண்டு. முதல் பேனாவுக்கு எஃகு நிப்பே போதும்.

நிப்பு என்றதும் நம் தமிழ்நாட்டுச் சாத்தூரை நினைக்காமல் இருக்க முடியாது. காராச்சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பெயர் பெற்ற அவ்வூர், ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் பெயர் பெற்றிருந்தது. சிறு பட்டறைகளில் எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து நிப்பாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். எழுதித் தீர்ந்தால் தூக்கி எறியும் பேனா பெருகியபோது அந்தத் தொழில் நசிந்தது. நாம் நூற்றுக்கணக்கில் வாங்கி விற்ற ரீஃபில் பேனாக்களுக்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு என்பதை வணிகர்களாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

மை நிரப்பும் முறை

மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. பில்லரால் நேரே உடலுக்குள் ஊற்றுவது ஒன்று. இரண்டு மூன்று மில்லி பிடிக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டியதில்லை, கெட்டுப்போக உள்ளே பாகமும் இல்லை. ஆனால் மை பாதிக்குக் கீழே இறங்கியதும், உள்ளே உள்ள காற்று கைச் சூட்டில் விரிந்து ஒரு சொட்டைத் தள்ளிவிடும். சென்னை மே மாத வெயிலில் பேரேட்டின் நடுவில் சொட்டு விழுந்தவர்களுக்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். பாதி ஆனதும் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

இரண்டாவது, திருகி உறிஞ்சும் கன்வெர்ட்டர். ஒரு மில்லிக்கும் குறைவாகவே பிடிக்கும், சொட்டும் தொல்லை குறைவு. மூன்றாவது, பழைய ஹீரோ பேனாக்களில் பார்த்தது போல் ரப்பர் குழாயை அழுத்தி உறிஞ்சுவது. நிப்பை மூடி மறைத்த அந்தச் சீனப் பேனா ஒரு காலத்தில் எத்தனையோ சட்டைப் பைகளை அலங்கரித்தது. ரப்பர் குழாய் நாளடைவில் இற்றுப்போகும் என்பது அதன் குறை.

கடை மேசையிலேயே இருக்கும் பேனாவுக்கு ஊற்றும் முறை ஏற்றது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொத்தவால் சாவடிக்கும் கோயம்பேட்டுக்கும் அலைபவருக்குக் கன்வெர்ட்டரே பாதுகாப்பு.

கடைசியில் பேனா

இப்போது பேனாவைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் உடல் இலேசானது, விலையும் குறைவு. எபோனைட் என்னும் கெட்டி ரப்பர் உடல் வியர்வைக் கையிலும் வழுக்காது, பல ஆண்டு உழைக்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கிச் செய்வது அது. வெயிலில் வைத்தால் கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்தில் நல்ல பாரம்பரியம் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் சுதேசிப் பேனா செய்தார். அதைப் பெற்ற காந்தியடிகள் 1935-இல் பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையில் 1920களில் தொடங்கிய ஜெம் அண்டு கம்பெனியின் காமா பேனா, திருவள்ளூர் ரங்கா பேனா, திருச்சி கிம் அண்டு கம்பெனியின் பேனா ஆகியவை எபோனைட்டைக் கடைந்து செய்த தமிழ்நாட்டுப் பேனாக்கள். இவற்றைச் சிபாரிசாகச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பெயர்தான் நல்ல பேனா என்ற எண்ணம் வேண்டாம் என்பதற்காகச் சொன்னோம். முதல் பேனாவுக்குச் சில நூறு ரூபாய் போதும். அதற்கு மேல் கொடுப்பது உங்கள் ஆசைக்கு.

மூடியையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் வரவர ஒரு நாளைக்கு ஐம்பது தடவை திறந்து மூடுபவருக்கு, அழுத்தினால் மூடிக்கொள்ளும் மூடி வசதி. இரவில் உட்கார்ந்து மணிக்கணக்காக எழுதுபவருக்குத் திருகு மூடி நல்லது. திறந்த பேனாவை மின்விசிறிக் காற்றில் வைத்தால் நிப்பு காய்ந்துவிடும்.

கடையில் மையில் தொட்டு எழுதிப் பாருங்கள். 1 முதல் 9 வரையும் உங்கள் கையெழுத்தும் போடுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், சுழி என எல்லாப் பக்கமும் முனை உரசாமல் ஓட வேண்டும். நிப்பின் இரண்டு பிளவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வேறு கேளுங்கள். மூடியைப் பின்னால் செருகியும் செருகாமலும் எழுதிப் பார்த்து, எது கைக்கு இதமோ அதை எடுங்கள்.

வைத்துக்கொள்ளும் முறை

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிப்புப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில், மை நிறம் போகும் வரை கழுவுங்கள். இரும்பு மையும் நிறமி மையும் ஊற்றுபவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. வெந்நீர், ஸ்பிரிட் வேண்டாம். இரண்டு மைகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். சில நாள் கடை மூடுவதாக இருந்தால் மையைக் கொட்டிக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்.

எழுதியதும் நோட்டை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பழைய நாள் ஒற்றுத்தாளை மறுபடி வாங்கி நோட்டுக்குள் வையுங்கள். பேனாவை இரவல் கொடுப்பதில் கண்டிப்பாக இருங்கள். ரீஃபில் பேனா பழகிய கை அழுத்தும், நிப்பு விரிந்துவிடும். வருபவருக்குக் கொடுக்கக் கயிற்றில் கட்டிய பால்பாயிண்ட் பேனா ஒன்று மேசையில் இருக்கட்டும்.

அந்த பால்பாயிண்ட் பேனா உங்களுக்கும் வேண்டும். கார்பன் வைத்த பில் புத்தகத்தில் அழுத்தினால்தான் நகல் விழும், அங்கே மைப் பேனா உதவாது. பில் மெஷினிலிருந்து வரும் வழவழப்பான தாளில் மை வழித்துக்கொண்டு போகும். சாக்கு மூட்டையில் குறி போட மார்க்கர்தான் சரி. மைப் பேனாவைப் பேரேட்டுக்கும், பாக்கி நோட்டுக்கும், கையெழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று எங்கள் பாக்கி நோட்டு, ஊறப் போட்டுத் தேறிய மையில் எழுதப்படுகிறது. அதுவும் இழுப்பறையில் இல்லை, பரணில் இருக்கிறது. ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் பொட்டு வைக்கும்போது கணக்கு நோட்டையும் பேனாவையும் உடன் வைப்போம். பிள்ளையார் சுழி போட்டுப் புதுக் கணக்கு தொடங்குவதற்கு முன், இந்த ஆண்டு நீங்களும் ஒரு தாளைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள்.